தீவுக்கு இருக்கறது ஒரே ரன்வே, அதையும் தோண்டணும்: விமானம் நிக்காம வேலைய முடிக்க முழு வழிகாட்டி

அட்லாண்டிக் நடுவுல அசென்ஷன்னு ஒரு எரிமலைத் தீவு. பிரிட்டன் வசம் இருக்கற எடம், ஜனம் சுமார் எண்ணூறு பேரு, எல்லாருமே ஏதோ ஒரு வேலை காண்ட்ராக்ட்ல வந்து தங்கியிருக்கறவங்க, இல்லைன்னா அவங்க குடும்பம், நிரந்தரமா குடியேற யாருக்கும் உரிமை கெடையாது. ரன்வே ஒண்ணே ஒண்ணுதான், பேரு வைடவேக், நீளம் 3,000 மீட்டர் சொச்சம், 1942-ல அமெரிக்க ராணுவ இன்ஜினியருங்க போட்டது. 2017 ஏப்ரல்ல அந்த ரன்வேல குழி விழுந்துடுச்சு, பெரிய விமானம் எறக்க முடியாதுன்னு சொல்லி, இங்கிலாந்துல இருந்து தென் அட்லாண்டிக்ல இருக்கற ஃபாக்லாந்து தீவுக்கு போற வழியில அசென்ஷன்ல எறங்கிட்டுப் போன ராயல் ஏர் ஃபோர்ஸோட ஏ330 விமானத்த நிறுத்திட்டாங்க. அந்த விமானத்துல சாதாரண ஜனங்களும் டிக்கெட் வாங்கிப் போகலாம், தீவுக்காரங்களுக்கு ஊருக்குப் போற முக்கிய வழி அப்ப அதுதான். திரும்ப அந்த சர்வீஸ் வந்தது 2023-ல. நடுவுல ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷத்துல தீவுல என்ன நடந்துச்சுன்னு பாத்தா, இந்த மாதிரி வேலைய எப்படி பண்ணணும், எப்படி பண்ணக்கூடாதுன்னு ரெண்டுமே தெரிஞ்சுக்கலாம். நான் ஏர்சைடு ஆபரேஷன்ஸ்ல சில வருஷம் வேலை பாத்தவன், ரன்வேல ராத்திரி வேலை நடக்கும்போது காலையில அத வாங்கி தெறந்து விடற ஆளு. அந்த அனுபவத்தையும் சேத்துதான் எழுதறேன். நீளமா இருக்கும், டீ எடுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பெரும்பாலானவங்க இத தார் போடற வேலையா பாக்கறாங்க. எந்த காண்ட்ராக்டர், எத்தன டன் கலவை, எத்தன மாசம், இந்த கேள்விதான் மொத மீட்டிங்ல வரும். அது தப்பு. வேலை நடக்கற காலம் பூரா எந்த விமானம் வந்து போகப் போகுதுன்னு மொதல்ல முடிவு பண்ணணும், அந்த விமானத்துக்கு என்ன வேணுமோ அத விட்டுட்டு மிச்சத்த தோண்டணும். தாரு அதுக்கப்பறம்தான்.

ஸ்டெப் 1: இப்ப இருக்கற ரன்வேல எது எறங்கலாம், எது கூடாது

ரன்வே கெட்டுப்போச்சுன்னா எல்லா விமானத்துக்கும் ஒரேயடியா கெட்டுப்போறதில்ல. இத புரிஞ்சுக்காம "மூடிட்டாங்க, மூடிட்டாங்க"ன்னு பேசறவங்கதான் அதிகம். ஏ330 முழு வெயிட்ல 230 டன்னுக்கு மேல வரும், இன்ஜின் றெக்கைக்கு கீழ தொங்கும், ஜல்லி பேந்து கெடக்கற ரன்வேல அந்த இன்ஜின் கல்ல உறிஞ்சி எடுத்துடும். அதே சமயம் சி-17 ராணுவ சரக்கு விமானம் அதவிட கனம், 265 டன் வரைக்கும், ஆனா அதுக்கு 14 சக்கரம், மண் ரன்வேல கூட எறங்கற மாதிரி செஞ்சது. அப்போ கனமான வண்டி எறங்கலாம், அதவிட லேசான வண்டி எறங்கக்கூடாதுன்னு ஒரு நெலம வரும், ஜனங்களுக்கு இத சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

பிரேசில்ல ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுல இது இன்னும் தெளிவா நடந்துச்சு. ரன்வே நெலம சரியில்லன்னு 2022 அக்டோபர்ல ஜெட் விமானத்துக்கு மட்டும் தடை போட்டாங்க, ஏடிஆர் மாதிரி காத்தாடி விமானங்க தொடர்ந்து ஓடுச்சு. மெயின்லேண்டுல இருக்கற ரெசிஃபே ஊருக்கு சுமார் 550 கிலோமீட்டர்தான், அதனால ஏடிஆர் சுலபமா போயிட்டு வரும். அசென்ஷனுக்கு அந்த வசதி கெடையாது, ஆப்பிரிக்கா கரையே 1,600 கிலோமீட்டர் தள்ளி, பிரேசில் அதவிட தூரம். தூரமும் விமானமும் சேந்துதான் முடிவு பண்ணும், உங்க தீவுக்கு எது பொருந்தும்னு மேப்ப விரிச்சு வெச்சு பாருங்க.

இந்த ஸ்டெப்ல செய்ய வேண்டியது ஒரு பட்டியல். கடந்த ரெண்டு வருஷத்துல எறங்கின ஒவ்வொரு விமான வகையையும் எழுதுங்க, பக்கத்துல அது எதுக்கு வந்துச்சு, எத்தன தடவ, அதோட வெயிட், அதுக்கு தேவையான நீளம், தீயணைப்பு கேட்டகரி (அந்த சைஸ் விமானத்துக்கு ஏர்போர்ட்ல இருக்க வேண்டிய தீயணைப்பு வசதியோட அளவு). அப்பறம் இதுவரைக்கும் வராத ஆனா வரக்கூடிய விமானங்களையும் எழுதுங்க. அசென்ஷன காப்பாத்தினது அந்த ரெண்டாவது பட்டியல்ல இருந்த ஒண்ணுதான், கீழ வரேன்.

குழி விழுந்து விமானம் நின்னதுக்கு அப்பறம் இந்த பட்டியல போடக்கூடாது. மேல்பரப்புல வெடிப்பு தெரிய ஆரம்பிச்ச வருஷமே போட்டுடணும்.

ஸ்டெப் 2: ஆம்புலன்ஸ் விமானத்த மொதல்ல எழுதி வெச்சுடுங்க

தீவு ஆஸ்பத்திரி சின்னது. ஹார்ட் அட்டாக், பிரசவ சிக்கல், பெரிய அடி, இதெல்லாம் வெளியில கொண்டு போகணும். அதனால ரன்வே வேலை ஒப்பந்தத்துலயே ஒரு வரி இருக்கணும்: எந்த நேரத்துல கேட்டாலும் இத்தன மணி நேரத்துக்குள்ள, இத்தன மீட்டர் ரன்வே, லைட்டோட, காலி பண்ணிக் குடுக்கணும். அந்த நேரம் எவ்வளவுன்னு காண்ட்ராக்டர் முடிவு பண்ணக்கூடாது, டாக்டரும் ஏர் ஆம்புலன்ஸ் கம்பெனியும் சேந்து முடிவு பண்ணணும். ஆம்புலன்ஸ் ஜெட் கெளம்பி வந்து சேர எப்படியும் பல மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்குள்ள காலி பண்ற மாதிரி வேலைய அமைச்சா போதும்.

இதுல ஒரு சின்ன விஷயம், ஆனா பெருசு. காலி பண்றதுன்னா மெஷின ஓரமா தள்ளி விடறது மட்டும் இல்ல. மில்லிங் பண்ணி, அதாவது பழைய தார சொரண்டி எடுத்து, பள்ளமா கெடக்கற எடத்துக்கு சரிவு போட்டிருக்கணும், கூட்டித் தள்ளியிருக்கணும், லைட்டு எரியணும். அதனால மாசம் ஒரு தடவ ட்ரில் வைங்க. சொல்லாம கொள்ளாம ராத்திரி 2 மணிக்கு போன் அடிச்சு "ரன்வே குடுங்க"ன்னு கேளுங்க. மொத தடவ கண்டிப்பா சொதப்பும், அதுக்குத்தான் ட்ரில்.

ஸ்டெப் 3: மாத்து வழி, அதோட வலி

2017-ல என்ன ஆச்சுன்னா, ஃபாக்லாந்து விமானத்துக்கு மாத்து வழி சீக்கிரமே கெடச்சுடுச்சு, செனகல்ல டக்கார் பக்கம் திருப்பி விட்டாங்க, அப்பறம் கேப் வெர்டே. ஃபாக்லாந்துக்காரங்களுக்கு எண்ணெய் ஊத்தற எடம்தான் மாறுச்சு. அசென்ஷன்காரங்களுக்கு விமானமே போச்சு. வழியில நிக்கற ஸ்டேஷனா இருக்கற தீவுக்கு எப்பவும் இதே கதிதான், ரயில் பைபாஸ்ல போயிடும், ஸ்டேஷன்ல இருக்கறவன் பாத்துட்டே நிப்பான்.

அப்ப கைகுடுத்தது ரெண்டு. ஒண்ணு ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினாங்கற கப்பல், ஆனா அது ஓய்வு பெறப்போற கப்பல், 2018 பிப்ரவரில அதோட கடைசி பயணமும் முடிஞ்சுடுச்சு. ரெண்டாவது, தென்கிழக்குல சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கற செயின்ட் ஹெலினா தீவுக்கு 2017 அக்டோபர்ல ஏர்லிங்க் கம்பெனி ஜோஹன்னஸ்பர்க்ல இருந்து எம்ப்ரேயர் 190 விமானத்த வாராவாரம் விட ஆரம்பிச்சது. அதே விமானத்த நவம்பர்ல இருந்து மாசத்துக்கு ஒரு தடவ அசென்ஷன் வரைக்கும் நீட்டினாங்க. ரெண்டாவது சனிக்கெழம வரும், ராத்திரி தீவுல தங்கும், ஞாயித்துக்கெழம திரும்பும்.

ஏப்ரல்ல நின்னு நவம்பர்ல வந்துச்சு. நடுவுல ஏழு மாசம் சிவில் விமானம்னு ஒண்ணு கெடையாது, கப்பலும் அமெரிக்க ராணுவ விமானமும்தான், அதுல எல்லாரும் ஏற முடியாது. இந்த இடைவெளிதான் தப்பு. மாத்து விமானம் ஓட ஆரம்பிச்சு ரெண்டு மூணு தடவ ஒழுங்கா வந்து போனதுக்கு அப்பறம்தான் பழைய விமானத்த நிறுத்தணும். அவசரமா குழி விழுந்துடுச்சு, என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் ஸ்டெப் 1-ல வெடிப்பு தெரிஞ்சப்பவே பட்டியல் போடுங்கன்னு சொன்னது.

மாசத்துக்கு ஒரு விமானம்னா வாழ்க்கை எப்படி மாறும்னு யோசிச்சுப் பாருங்க. அப்பா சாவுக்குப் போகணும், அடுத்த விமானம் 23 நாள் கழிச்சு. போனா திரும்ப வர்றதுக்கு இன்னொரு மாசம். இங்கிலாந்து போறவங்க மொதல்ல தெக்கால செயின்ட் ஹெலினா, அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க், அங்கிருந்து வடக்க லண்டன்னு தலையச் சுத்தி மூக்கத் தொடணும், காசும் அதே அளவுக்கு. அதனால டிக்கெட் விலைய யாரு ஏத்துக்கறதுன்னு விமானம் நிக்கறதுக்கு முன்னாடியே பேசி எழுதி வைங்க. வேலை குடுக்கறவங்களா, அரசா, ஆளுக்குப் பாதியா. இத பின்னாடி பேசினா சண்டைதான்.

இன்னொண்ணு, சொந்தக்காரன் யாரு, உபயோகிக்கறவன் யாருங்கறது. வைடவேக் இருக்கறது பிரிட்டன் மண்ணுல, கட்டினதும் நடத்தறதும் அமெரிக்க ராணுவம், ரிப்பேர் காண்ட்ராக்ட் குடுத்ததும் அமெரிக்க விமானப்படை, அது சுமார் 17 கோடி டாலர், கஷ்டப்பட்டது தீவுல வேலை பாக்கற செயின்ட் ஹெலினாக்காரங்க. முடிவு எடுக்கற மேசையில கஷ்டப்படறவங்களுக்கு ஒரு நாற்காலி போடலைன்னா, ரன்வே என்ஜினியரோட வசதிக்குத்தான் அட்டவணை வரும்.

ஸ்டெப் 4: எண்ணெய் கணக்கு, திரும்ப முடியாத புள்ளி

இந்த ஸ்டெப்ப காண்ட்ராக்டருக்கு உக்கார வெச்சு சொல்லிக் குடுங்க, அவங்களுக்கு இது தெரியாது, தெரிஞ்சிருக்கணும்னு எதிர்பாக்கறதும் நியாயம் இல்ல.

சாதாரண ஏர்போர்ட்டுக்கு போற விமானம் மாத்து ஏர்போர்ட்டுக்கு போற அளவுக்கு எண்ணெய் வெச்சிருக்கும். சென்னையில எறங்க முடியலைன்னா பெங்களூர். நடுக்கடல் தீவுக்கு அந்த மாதிரி பக்கத்து ஊரு இல்ல. அதுக்கு சர்வதேச விதியில தனிமைப்பட்ட ஏர்போர்ட்னு ஒரு வகை வெச்சிருக்காங்க, ஜெட் விமானம்னா தீவுக்கு மேல வந்து சேந்தப்பறமும் ரெண்டு மணி நேரம் பறக்கற அளவுக்கு எண்ணெய் கையில இருக்கணும். அதோட வழியில ஒரு புள்ளி குறிப்பாங்க, அது வரைக்கும் திரும்பிப் போக எண்ணெய் இருக்கும், தாண்டிட்டா தீவுதான், வேற கதி இல்ல.

இப்ப ரன்வேல வேலை நடக்குதுன்னு வைங்க. சூப்பர்வைசர் கேப்பாரு, "சார் ஃபிளைட்டு 12 மணிக்குத்தானே, நாங்க 11:30 வரைக்கும் ரோலர் ஓட்டிக்கறோம்". பாக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா விமானம் திரும்ப முடியாத புள்ளிய 10:45-க்கே தாண்டியிருந்தா? 11:25-க்கு தார் விரிக்கற பேவர் மெஷின் நடு ரன்வேல ஹைட்ராலிக் ஆயில் கொட்டிட்டு மக்கர் பண்ணி நின்னா? மேல வந்துட்டு இருக்கற நூறு பேருக்கு எறங்க எடம் இல்ல. ரெண்டு மணி நேர எண்ணெய்க்குள்ள அந்த மெஷின இழுத்துப் போட்டு, ஆயில கழுவி, சுத்தம் பண்ணியாகணும்.

அதனால விதி இதுதான்: ரன்வே காலியாக வேண்டிய நேரம் விமானம் எறங்கற நேரத்த வெச்சு கெடையாது, திரும்ப முடியாத புள்ளிய வெச்சு. விமானம் பொறப்படற ஊருல இருந்து தீவுக்கு ரெண்டு மணி நேரம்தான்னா இன்னும் நல்லது, ரன்வே காலி, ஆளு நடந்து பாத்தாச்சுன்னு ரேடியோல உறுதி பண்ணினதுக்கு அப்பறம்தான் அங்க கதவையே மூடணும். அந்த உறுதிய சொல்ற ஆளு ஒருத்தர்தான் இருக்கணும், பேரு எழுதி ஒட்டியிருக்கணும், அவரு காண்ட்ராக்டர் ஆளா இருக்கவே கூடாது.

கூட ஒண்ணு. அதிக எண்ணெய் ஏத்தினா ஆளும் சரக்கும் கொறையும். செயின்ட் ஹெலினாவுக்கு ஆரம்பத்துல அந்த எம்ப்ரேயர்ல நூறுக்கு பக்கமா சீட்டு இருந்தும் 76 பேரத்தான் ஏத்தினாங்க, அங்க காத்தும் ரன்வே நீளமும் காரணம். சீட்டு எத்தனன்னு விமானக் கம்பெனி விளம்பரத்த பாத்து கணக்கு போடாதீங்க, உங்க ரன்வேக்கு, உங்க வெயிலுக்கு எத்தன பேர ஏத்த முடியும்னு எழுத்துல வாங்குங்க.

ஸ்டெப் 5: ரன்வேய எப்படி வெட்டறது

மூணு வழி இருக்கு. முழுசா மூடிட்டு சட்டுனு முடிக்கறது, பாதி நீளத்த மூடிட்டு மீதியில ஓட்டறது, ராத்திரி தோண்டி காலையில தெறக்கறது. முழு மூடல் தீவுக்கு ஆகாது, ஆனா சில வாரத்துக்கு மட்டும்னா யோசிக்கலாம், கீழ சொல்றேன்.

பாதி நீளம்னா கணக்கு ஏமாத்தும். வைடவேக் மாதிரி ஒரு ரன்வேய எடுத்துக்கோங்க, கணக்கு சுலபமா இருக்க 3,000 மீட்டர்னு வைப்போம். பாதி 1,500. ஆஹா போதுமேன்னு தோணும். ஆனா வேலை நடக்கற எடத்துக்கும் விமானம் ஓடற எடத்துக்கும் நடுவுல மொதல்ல 60 மீட்டர் பட்டை விடணும், அப்பறம் ஓடித் தாண்டினா நிக்கறதுக்கு பாதுகாப்புப் பகுதி, கொறஞ்சது 90 மீட்டர், பரிந்துரை 240. அப்போ மிச்சம் 1,200. அதுல எம்ப்ரேயர் ஆளோட கெளம்புமா, அதுவும் வெயில்ல? கஷ்டம்.

சரி, 1,500 மீட்டர் ஓட்டறதுக்கு வேணும்னு வைங்க, பாதுகாப்புக்கு 300 சேத்தா 1,800 மீட்டர் எப்பவும் தெறந்து இருக்கணும். மேற்கு முனையில 1,200 மூடலாம், அத முடிச்சுட்டு கெழக்கு முனையில 1,200 மூடலாம். கூட்டினா 2,400. ரன்வே 3,000. நடுவுல 600 மீட்டர் மாட்டிக்குது பாருங்க! எந்தப் பக்கத்த தெறந்தாலும் அந்த நடுப்பகுதி தெறந்த பக்கத்துலயே இருக்கும், அத மூடவே முடியாது. நெறைய திட்டத்துல இந்த நடுத்துண்டு கடைசியிலதான் ஞாபகம் வரும், அப்ப திடீர்னு மூணு வாரம் மூடறோம்னு அறிவிப்பு வரும்.

என் யோசனை, அந்த நடுத்துண்ட மொதல்லயே பிரிச்சு எழுதி, மாசாந்திர ரெண்டு விமானத்துக்கு நடுவுல இருக்கற நாலு வாரத்துல அத மட்டும் முழு மூடல்ல முடிங்க, இல்லைன்னா ராத்திரி வேலையா துண்டு துண்டா போடுங்க. ஆம்புலன்ஸ் விதி அப்பவும் உண்டு.

எந்தப் பக்கத்த மொதல்ல மூடறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி காத்த பாருங்க, டாக்ஸிவே (விமானம் ரன்வேக்கு உருண்டு போற பாதை) எந்தப் பக்கம் சேருதுன்னு பாருங்க, விமானம் நிக்கற எடத்துல இருந்து தெறந்த பக்கத்துக்கு போக வழி இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, வழி இல்லாம திட்டம் போட்டத பாத்திருக்கேன். பறவையையும் பாருங்க. வைடவேக்ங்கற பேரே அந்தப் பக்கம் கூட்டங்கூட்டமா முட்டை போடற ஒரு கடல் பறவையோட செல்லப் பேருதான், அதோட கத்தலுக்கு வெச்ச பேரு. 1942-லயே ரன்வே முனையில இதுங்க பெரிய தொல்லை. அதுங்க வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதில்ல, ஒன்பதரை மாசத்துக்கு ஒரு தடவ வரும், அதனால போன வருஷ காலண்டர வெச்சு திட்டம் போட்டா இந்த வருஷம் தப்பாயிடும்.

மூடின பகுதியில வெள்ளை குறுக்குக் குறி, லைட்டு மூடறது, எறங்கற முனைய நகத்தறது, வழிகாட்டி லைட்ட புது எடத்துக்கு மாத்தறது, இதெல்லாம் எல்லா மேனுவல்லயும் இருக்கு, திரும்ப எழுதல.

ஸ்டெப் 6: கல்லு, தாரு, கப்பல்

அசென்ஷன்ல துறைமுகம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், சின்ன படகுல சரக்க மாத்தி ஜார்ஜ்டவுன் மேடைக்கு கொண்டு வரணும். அதுலயும் திடீர்னு பெரிய பெரிய அலை உருண்டு வரும், தீவுக்காரங்க அதுக்கு ரோலர்னு பேரு வெச்சிருக்காங்க, அது வந்தா எறக்கற வேலை அப்படியே நிக்கும். ரன்வேல ஒரு ரோலர் ஓடணும்னா கடல்ல ரோலர் இல்லாம இருக்கணும், இப்படி ஒரு ஊரு. ஆஸ்திரேலியாவோட நார்ஃபோக் தீவும் இதே கதைதான், அங்கயும் துறைமுகம் கெடையாது, ரெண்டு மேடை, சின்ன படகு, ரன்வே வேலைக்கு கல்லையே கடல் வழியா பார்ஜ்ல கொண்டு வந்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, வேலைக்கான சரக்கும் தீவு ஜனத்தோட அரிசி உருளைக்கெழங்கும் ஒரே மேடையில, ஒரே கிரேன்ல எறங்கும். காண்ட்ராக்டர் வந்தா சாப்பிடற வாயும் கூடும். விமானம் கொறஞ்ச நேரத்துல இது நடக்கும். அதனால சாப்பாட்டுக் கப்பலுக்கு முன்னுரிமைன்னு எழுதி வைங்க, வேலை கப்பல் காத்து நிக்கட்டும்.

தீவுக் கல்லயே ஒடச்சு உபயோகிக்கலாமான்னு ஆரம்பத்துலயே லேப்ல சோதிங்க. எரிமலைக் கல்லுல சிலது ஓட்டை ஓட்டையா இருக்கும், தார குடிச்சுக்கிட்டே இருக்கும், கணக்கு எகிறும். மெஷினுக்கு உதிரி பாகம் ரெட்டையா ஏத்துங்க. பேவர் சென்சார் ஒண்ணு போச்சுன்னா மெயின்லேண்டுல மத்தியானம் வந்துடும், தீவுல அடுத்த மாசம். வண்டி டயர்ல இருக்கற மண்ணு, விதை, எறும்ப கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடியே கழுவுங்க, தீவுக்குள்ள புது களை வந்துட்டா ரன்வே ரிப்பேர விட அது நீளமான வேலை.

ஸ்டெப் 7: ராத்திரி வேலை, காலை அஞ்சு மணி

ராத்திரி புதுத் தார் போட்டா விடியறப்ப புதுசுக்கும் பழசுக்கும் நடுவுல ஒரு படிக்கட்டு நிக்கும். அத அப்படியே விட முடியாது, தற்காலிக சரிவு போடணும். விதி என்னன்னா 5 சென்டிமீட்டர் வரைக்கும் தடிமன்னா சரிவு 0.5-ல இருந்து 1 சதவீதம், அதுக்கு மேல தடிமன்னா 0.5-க்கு மேல போகக்கூடாது. அதாவது 5 சென்டிமீட்டர் ஒசரத்த எறக்கறதுக்கு அஞ்சுல இருந்து பத்து மீட்டர் நீளத்துக்கு இழுக்கணும். கண்ணுக்கு சரிவே தெரியாது, அப்படித்தான் இருக்கணும். ஒரே ராத்திரில ரன்வேயோட முழு அகலத்தையும் போட்டுடணும், பாதி அகலம் புதுசு பாதி பழசுன்னு விட்டா ஒரு பக்க சக்கரம் மேல, ஒரு பக்கம் கீழ. அதோட, பெரும்பாலான விமானம் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு எறங்கற மாதிரி திசைய வைக்கணும், பள்ளத்துல இருந்து மேட்டுல முட்டற மாதிரி வைக்கக்கூடாது. அதனால வேலை எந்த முனையில ஆரம்பிக்குதுங்கறது காத்த பொறுத்தது, கலவை பிளான்ட் எங்க இருக்குங்கறத பொறுத்தது இல்ல.

இப்ப என் கதை ஒண்ணு. நான் இருந்த ஒரு சின்ன ஏர்போர்ட்ல மில்லிங் நடந்துட்டு இருந்துச்சு. அந்த மெஷின் உருளையில வெரல் கனத்துக்கு பல்லு பல்லா இருக்கும், நுனியில கெட்டி உலோகம், பழைய தார கடிச்சு எடுக்கறது அதுதான். காலை 5:10, கெழக்க இப்பத்தான் வெளுக்குது, கூட்டற வண்டி ரெண்டு ரவுண்டு போயாச்சு, காந்தக் கம்பிய இழுத்துக்கிட்டு ஜீப்பும் போயாச்சு, எல்லாரும் கையெழுத்துப் போட ரெடி. நான் நடந்து வரேன். சென்டர் லைட்டு குழிக்குள்ள ஏதோ மினுக்குச்சு. குனிஞ்சு பாத்தா ஒரு பல்லு, பாதி ஒடஞ்சு, லைட்டு வெளிம்புல சொருகிக்கிட்டு நின்னுச்சு, அதனாலதான் காந்தம் இழுக்கல. எடுத்து கையில வெச்சா இன்னும் சூடு. அது ஒரு இன்ஜினுக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னிக்கு பூரா கை நடுங்கிட்டே இருந்துச்சு. ராத்திரி ஷிஃப்ட் ஆளுங்கள கேட்டா, "பல்லு ஒடையறது சகஜம் சார்"ன்னாங்க. சகஜம்தான், எண்ணலைங்கறதுதான் பிரச்சனை.

அதுல இருந்து ஒரு விதி போட்டோம், நீங்களும் போடுங்க. ஷிஃப்ட் ஆரம்பத்துல உருளையில எத்தன பல்லு, முடியும்போது எத்தன, எண்ணி எழுதி கையெழுத்து. ஒண்ணு கொறஞ்சா அது கெடைக்கற வரைக்கும் ரன்வே தெறக்காது. ஆபரேஷன் தியேட்டர்ல பஞ்சு எண்ற மாதிரி. அப்பறம், வண்டியில உக்காந்துக்கிட்டே பாக்கறது பத்தாது, நடங்க. மூணு பேரு வரிசையா, சூரியன எதிர்ல வெச்சுக்கிட்டு நடந்தா சின்ன கல்லு கூட நெழலோட தெரியும்.

ஸ்டெப் 8: சொல்ற விதம்

பைலட்டுங்களுக்கு நோட்டாம்ங்கற எச்சரிக்கை அறிவிப்பு போயிடும், நிரந்தர மாத்தம் 28 நாள் சுழற்சியில மேப்புல ஏறும், அதுக்கு முறை இருக்கு, தேதி தவற விடாம அனுப்பினா போதும். ஜனங்களுக்கு சொல்றதுலதான் எல்லாரும் கோட்ட விடறாங்க.

"பணிகள் முன்னேறி வருகின்றன"ன்னு நோட்டீஸ் போடாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த ஆறு விமானத்தோட தேதி, எத்தன சீட்டு, எத்தன சீட்டு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கினது, தபால் வருமா வராதா, அவ்வளவுதான் வேணும். சீட்டு கொறச்சலா இருக்கும்போது யாருக்கு மொதல்ல குடுக்கறதுன்னு விதிய வெளிப்படையா ஒட்டுங்க. ஆஸ்பத்திரி, சாவு, பரிட்சை, காண்ட்ராக்ட் முடிஞ்சவங்க, அப்பறம் லீவு. ஆபீசர் வீட்டு லீவுக்கு ஒரு தடவ முன்னாடி சீட்டு போச்சுன்னா சின்ன ஊருல அது மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுடும், அதுக்கப்பறம் நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது.

தேதிய பத்தி ஒரு வார்த்தை. முடியற தேதிய சொல்லாதீங்க, ஒவ்வொரு கட்டமும் ஆரம்பிச்சதும் சொல்லுங்க. ரெண்டு மூணு வருஷத்துல சரியாயிடும்னு ஆரம்பத்துல நம்பி ஆறு வருஷம் ஆனா, நடுவுல வீடு, வேலை, புள்ளைங்க படிப்புன்னு அந்த தேதிய நம்பி முடிவெடுத்தவங்க எத்தன பேரு.

ஸ்டெப் 9: திரும்ப தெறக்கறது

புது மேல்பரப்பு வழவழன்னு இருக்கும், மழையில வழுக்கும், அதனால வழுக்கல் அளவு சோதனை, தண்ணி ஓட வரிப்பள்ளம், பெயின்ட், லைட்டு, சோதனை விமானம், எல்லாம் முடிஞ்சப்பறம் பெரிய விமானம். மொத சில தடவ வெயிட்ட கொறச்சு எறக்கி பாருங்க.

மாத்து விமானத்தோட ஒப்பந்தத்த அன்னிக்கே ரத்து பண்ணிடாதீங்க. கொறஞ்சது மூணு மாசமாவது ரெண்டும் ஓடட்டும். காசு வேஸ்டுன்னு ஒருத்தர் சொல்லுவாரு, அவருகிட்ட 2017-ஓட அந்த ஏழு மாசத்த காட்டுங்க.

கடைசியா ஒரு விஷயம், ரன்வே மட்டும் நல்லா இருந்தா போதும்னு நெனச்சு விட்டுடற எடம். 2025 பிப்ரவரில செயின்ட் ஹெலினாவுல ரன்வேக்கு ஒண்ணும் ஆகல, தீயணைப்பு வண்டிங்க கோளாறாகி கேட்டகரி எறங்கிடுச்சு, பயணிகள் விமானம் கொஞ்ச நாள் நின்னுடுச்சு. ரன்வே வேலை நடக்கறப்ப அந்த வண்டிங்கதான் புழுதியிலயும் ஜல்லியிலயும் ராப்பகலா ஓடும், தண்ணி தெளிக்க கூட அதையே கூப்பிடுவாங்க, குடுக்காதீங்க. தண்ணிக்கு வேற டேங்கர் கொண்டு வரச் சொல்லுங்க. தீயணைப்பு வண்டியோட பம்ப் சீல், ஃபில்டர், பேட்டரி, டயர் எல்லாத்தையும் ஸ்டெப் 6-ல சொன்ன உதிரி பாக லிஸ்ட்லயே சேத்துடுங்க.